விற்க இருந்த பேக்கரியில் ஏழு மாதம்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் அந்த பேக்கரி இருக்கிறது. முதலாளி மட்டும் மாறிவிட்டார். அது கைமாறுவதற்கு முந்திய ஏழு மாதம் நான் அங்கே வேலை செய்தேன். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

"முதலாளி இல்லாம கடைய நடத்த அங்க உள்ளவங்கள பழக்கணும்மா."

"அவரு எங்க போறாரு?"

"வித்துட்டுப் போறாரு."

"அப்ப வாங்குறவன் பழக்கட்டும். ஒனக்கென்ன வந்துச்சு?"

நான் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் பத்து வருடம் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை பார்த்தேன். கொழுந்து பறித்துப் பறித்து அம்மாவின் முழங்கால் தேய்ந்துபோனபோது திரும்பி வந்துவிட்டேன். இங்கே எனக்கேற்ற வேலை ஏதும் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லை. அப்போதுதான் பேக்கரி முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். எழுபது வயது. பிள்ளைகள் வெளிநாட்டில், ஒருவருக்கும் மாவு வாசம் பிடிக்காது. என்னை உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்து, விஷயத்துக்கு வந்தார்.

"கொழும்புக் கம்பனி ஒண்டு வந்து பாத்துட்டுப் போச்சு, மகள். கடை புடிச்சிருக்காம். போறணை புடிச்சிருக்காம். போகக்குள்ள ஒண்டு கேட்டாங்க. நீங்க போனா இத யாரு நடத்துறண்டு. எனக்கு வாயில ஒண்டும் வரல்ல."

"ஒரு கிழமைக்கு நீங்க போனை எடுக்காம இருங்க ஹாஜியார். பதில் தானா தெரிஞ்சிடும்."

சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவருக்குக் கீழே மூன்று பேர் பொறுப்பில் இருந்தார்கள். பாண் சுடும் போறணையைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் பாஸ் என்பார்கள். எங்கள் ஊரில் பாஸ் என்றால் கைவேலை தெரிந்தவர். கைகளில் முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்புகள். கடையையும் பொதி கட்டும் அறையையும் நடத்தியது ஓர் அக்கா. தோட்டங்களுக்குப் பாண் கொண்டுபோகும் வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் பொறுப்பாக இருந்தவர் முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர். அவரை நான் வேன் அண்ணன் என்றேன். மூன்று பேருமே லயத்துப் பிள்ளைகள். பாஸ் அங்கே சேர்ந்தபோது மீசை முளைக்கவில்லையாம்.

மாடியறையில் முதல் கூட்டம் வைத்தோம். கீழேயிருந்து ஈஸ்ட்டும் மாஜரினும் கலந்த வாசம் ஏறிவந்தது. மூவரும் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜியார் எட்டிப் பார்த்ததும் சேர்ந்தாற்போல் எழுந்தார்கள். அவர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஹாஜியார் மேல் இல்லை. அவர் பாவம், உட்காரத்தான் சொன்னார். காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா முன்னால் அப்பா நின்ற நிலை அது. தோள் சற்று முன்னால் சாய்ந்து, கை எங்கே வைப்பதென்று தெரியாமல். கொழும்பு அலுவலகத்தில் மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தபோதெல்லாம் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். தேயிலையை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த நிற்பு எங்களோடு கூடவே வந்திருந்தது. அதை உடைக்காமல் இந்த வேலையை முடிப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றுக்கும் ஹாஜியாருக்குத்தான் போன் போகும். புது ஈஸ்ட் பெட்டியை உடைக்கலாமா? வராத பிள்ளைக்குப் பதில் யாரை நிறுத்துவது? வேன் டயரை மாற்றலாமா? அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்து செருப்பைப் போடும் முன்பே போனைப் பார்ப்பார். அவரிடம் ஓர் ஏற்பாடு பேசினேன்: புதன்கிழமைகளில் அவர் கடைக்கு வரக்கூடாது, போனைத் தொடக்கூடாது. மகன் பேசினால்கூடவா என்றார். மகனை வியாழக்கிழமை பேசச் சொல்லுங்கள் என்றேன்.

முதல் புதன்கிழமையே எல்லாம் கவிழ்ந்தது. பின்னேரப் பாணை ஏற்றிக்கொண்டு போன வேன் டிக்கோயாவைத் தாண்டியதும் நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் ஓர் ஆட்டோ சும்மா நின்றது. அதை அனுப்பினால் அரை மணித்தியாலத்தில் பாண் போய்விடும். வேன் அண்ணன் அனுப்பவில்லை. ஹாஜியாருக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கடைகளுக்குப் பாண் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வேலை முடிந்து, வாங்கக் காத்திருந்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் கேட்டேன். "அண்ணே, இந்தக் கடை ஒங்களோடதுன்னா நேத்து என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசிக்கவே இல்லை. "ஆட்டோவ அனுப்பியிருப்பேன், மிஸ்."

"பின்ன ஏன் அனுப்பல?"

"என்னோடது இல்லையேங்க."

அவர் குரலில் கிண்டல் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார். அக்கா குறுக்கே வந்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. திருவிழாவுல ஆட்டுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி மாலை போடுவாங்கல்ல. அது தலைய ஆட்டுதான்னு பாப்பாங்க. எங்களையும் அப்படித்தான் சோடிச்சு நிறுத்துறீங்க. விக்கிற அன்னைக்குத் தலைய ஆட்டணும். அதானே?"

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். கொழும்பில் இதே பாடத்தை நான் எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறேன். திரையில் படம் காட்டி, முதலாளியைப் போல் யோசியுங்கள் என்பேன். மலை உச்சியில் கையை உயர்த்தி நிற்கும் மனிதர்களின் படங்கள் வரும். மலையில் பிறந்த எனக்கு அவை உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். எங்கள் மலையில் ஏறுகிறவர்கள் கூடையோடு ஏறுகிறவர்கள். ஆனாலும் ஒருநாளும் எழுந்து, இது பொய் என்று சொல்லவில்லை. சம்பளம் வந்தது, பாடம் நடத்தினேன். இந்த அக்காதான் அதைப் பொய் என்றாள், மாவு படிந்த கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை ஹாஜியாரிடம் போனேன்.

"முதலாளி மாதிரி யோசிக்கச் சொல்றோம். முதலாளிக்குக் கெடைக்கிறதுல அவங்களுக்கு என்ன இருக்கு?"

"சம்பளம் குடுக்கிறன்தானே?"

"அது வேலைக்காரங்களா யோசிக்கிறதுக்கு."

முகம் சிவந்துவிட்டது. "நீங்க என்ன, தோட்டத்து யூனியன்லருந்தா வாறீங்க?"

"தோட்டத்துலருந்துதான் வாறேன், ஹாஜியார்."

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கிவந்தேன். பத்து நாள் அவர் என்னிடம் பேசவில்லை. பதினோராம் நாள் சட்டத்தரணியிடம் எழுதி வாங்கிய ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். விற்பனை நடந்தால் அதில் ஒரு பங்கு மூவருக்கும் உரியது. விற்கும் வரைக்கும் போறணையிலும் கடையிலும் வேனிலும் அவரவர் முடிவே முடிவு. அவ்வளவுதான் அதில் இருந்தது. அவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூவரையும் கூப்பிட்டேன். அக்கா கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தாள். இங்கிலீஷில் இருந்தது.

"தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க, மிஸ்."

"நான் வாசிச்சு வெளங்கப்படுத்துறேன் அக்கா."

"நீங்க சரியாத்தான் சொல்லுவீங்க. ஆனா வெளங்காத பேப்பர்ல கையெழுத்து வச்சே எங்க ஆளுங்க பாதி அழிஞ்சு போனாங்க. எங்க தாத்தாவுக்கு இந்தியாவா இலங்கையான்னே ஒரு பேப்பர்லதான் முடிவு பண்ணுனாங்க. தமிழ்ல வரட்டும். வச்சுக் குடுக்குறேன்."

ஹாஜியார் முணுமுணுத்தார். தமிழில் வந்தது. அக்கா இரண்டு தடவை வாசித்தாள். பாஸ் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். மூவரும் கையெழுத்து வைத்தார்கள்.

மறுநாளே எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த புதன்கிழமையும் வேன் அண்ணன் போனைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து, திருப்பி சட்டைப் பையில் வைத்தார். பாஸ் தேங்காயும் சீனியும் வைத்து ஒரு புது பணிஸ் போட்டார், ஒருவரும் வாங்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்துவிட்டு, இனிப்பைக் குறைத்துத் திரும்பப் போட்டார். அதையும் ஒருவரும் வாங்கவில்லை. அக்காதான் முதலில் துணிந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து, கடையை ஒரு மணித்தியாலம் முந்தித் திறந்தாள். யாரையும் கேட்கவில்லை. சாவி அவள் கையில் இருந்தது, திறந்தாள்.

நாலாவது மாதம், ஒரு புதன்கிழமைக் கூட்டத்தில், வேன் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் சொல்லணும். மேல கடைசி டிவிசனுக்குப் போற பாணு, முந்தின நாள் பாணு."

டவுன் கடைகளில் விற்காமல் திரும்பி வரும் பாணை மறுநாள் வேனில் அடியில் அடுக்கி, பஸ் போகாத, தோட்டத்தின் கடைசி டிவிசனில் கொடுத்துவிடுவது வெகுகால வழக்கம். விலை புதுப் பாணின் விலைதான். அங்கே வேறு வண்டி ஏறாது. அதனால் ஆட்கள் வாங்குவார்கள். முறைப்பாடு வந்ததே இல்லை.

நான் பாஸைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. அக்காவுக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவள் நான் மட்டும்தான், தின்றவளும் நான்தான். எங்கள் லயத்துக்கும் இந்த பேக்கரி வேன்தான் ஏறிவரும். அம்மா பாணைப் பால் சேர்க்காத சாயத் தண்ணியில் முக்கித் தருவாள். முக்காமல் கடித்தால் வாயில் உதிரும். பாண் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தேன். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு ஒரு சிநேகிதி தந்த பாண் பஞ்சு மாதிரி இருந்தது. அவர்கள் வீட்டில் அதிக விலைக்கு வாங்குகிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். அதை மூவரிடமும் சொன்னேன்.

பாஸ் கைத்தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் போடுறது நல்ல பாணுங்க. அது அங்க போய்ச் சேரும்போது என் பேரும் சேந்து காஞ்சு போகுது. தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தேன். நம்ம கையில என்ன இருக்குன்னு இருந்தேன்."

"இப்ப கையில இருக்குல்ல?" என்றாள் அக்கா.

பேசி முடிக்கக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. மறுநாளிலிருந்து வேன் முதலில் கடைசி டிவிசனுக்குப் போகும், அங்கிருந்து இறங்கி வரும். திரும்பி வரும் பாணை பாஸ் வெட்டி, மறுபடி காயவைத்து, ரஸ்க் என்றே சொல்லி விற்பார். ஹாஜியாரைக் கேட்கலாமா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. பாண் பிந்தி வருவதாக டவுன் கடைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க மாடிப்படி ஏறிவந்தார்.

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "நாங்களே கேட்டுக்கிட்டோம், மொதலாளி" என்றார் வேன் அண்ணன்.

"விக்கிற நேரம் பாத்தா இந்த வெளாட்டு? டவுன் கடைக்காரன் போனா வாங்குறவன் என்ன செல்லுவான்?"

"டவுன்காரங்களுக்கு இன்னொரு ஆட்டோ போட்டாச்சு. நாளையிலருந்து நேரத்துக்குப் போகும்" என்றாள் அக்கா. "ஆனா பழையபடி மாத்த மாட்டோம். வேன் எங்க முடிவுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. தமிழ்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

ஆறாம் மாதம் கொழும்புக் கம்பனியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். போறணையைப் பார்த்தார், மாவு அறையைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் அக்கா சிங்களத்தில் பதில் சொன்னாள். மாடியில் உட்கார்ந்ததும் அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். வேன் போகும் பாதைகள் அதில் இருந்தன. மேலே போகும் மூன்று கோடுகளைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். கடைசி டிவிசன் அதில் ஒன்று.

என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். நான் தன் கட்சி என்று நினைத்திருக்க வேண்டும். பேசிவிட்டு லேசாகச் சிரித்தார்.

பாஸ் கேட்டார். "மிஸ், அவரு என்ன சொன்னாரு? சொன்னத அப்படியே சொல்லுங்க."

பயிற்சி கொடுத்த பத்து வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, வார்த்தைகளை மழுக்குவது. அன்று மழுக்கவில்லை. "மேல தோட்டத்துக்கு வேன் ஏத்துறது வீணாம். கிழமைக்கு ஒரு தரம் லொறியில அனுப்பினாப் போதுமாம். அந்த ஆளுங்க எதக் குடுத்தாலும் தின்னுவாங்களாம்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அவருக்கு அவ்வளவு தமிழ் விளங்கியது.

பாஸ் எழுந்தார். மரியாதைக்கு இல்லை, கோபத்தில். "நானும் அந்த ஆளுதான் சார். இவங்களும்தான். மொழிபெயர்த்துச் சொன்ன மிஸ்ஸும்தான். நீங்க காலையில நல்லா இருக்குன்னு ரெண்டு தின்னீங்களே, அந்த மாலுபாண் அந்த ஆளுங்க போட்டது."

வேன் அண்ணன் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இந்தக் கோட்ட வெட்டினா நாங்க மூணு பேரும் இருக்க மாட்டோம். போறணைய வாங்கலாம். பாஸ வாங்க முடியாது."

அதிகாரி ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்து, தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். "இவங்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது யாரு?"

ஹாஜியார் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் கண்ணெதிரே போவது அவருக்குத் தெரிந்தது. வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். "நீங்கதானே கேட்டீங்க, நான் போனா யாரு நடத்துறண்டு. இவங்கதான். நல்லாப் பாத்துக்கங்க."

வந்தவர் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு ஹாஜியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஏழாம் மாதம் முடிந்து என் ஒப்பந்தமும் முடிந்தது. கடைசி நாள் மூவரும் சேர்ந்து ஒரு கேக் வெட்டினார்கள். ஹாஜியார் வரவில்லை. வியாபாரம் முறிந்துவிட்டது என்றே நினைத்தோம். பங்கு என்று எழுதிய கடிதம் வெறும் காகிதமாகிவிட்டதே என்று எனக்குத்தான் அடித்துக்கொண்டது. வேன் அண்ணனிடம் சொன்னேன்.

"விடுங்க தங்கச்சி. நாலு மாசமா மேல ஆளுங்க நல்ல பாணு தின்னாங்க. அது திரும்பி வாங்க முடியாததுதானே" என்றார். முதல் முறையாக என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

கம்பனி திரும்பி வந்தது. அடுத்த மாதமே வந்தது. அவர்கள் வேறு இடங்களிலும் பேக்கரி பார்த்திருக்கிறார்கள். எங்கே போனாலும் முதலாளி இல்லாமல் ஒரு பணிஸ்கூட வேகவில்லையாம். மேல் பாதைகள் ஒரு வருடம் அப்படியே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். விலையைச் சற்றுக் குறைத்தார்கள். அந்தக் குறைவுக்கு நான்தான் காரணம் என்று ஹாஜியார் ஊரெல்லாம் சொன்னார். மூவரின் பங்கை மட்டும் சொன்னபடி கொடுத்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அக்கா இப்போது மேனேஜர். பாஸ் போறணையில்தான், புதிதாக வந்த இரண்டு இயந்திரங்களோடு தினமும் சண்டை போடுகிறார். வேன் அண்ணன் கம்பனியில் சேரவில்லை.

"ஒரு வருசம்னு எழுதியிருக்கான். அதுக்குப் பொறவு?" என்றார்.

தன் பங்கில் ஓர் ஆட்டோ வாங்கினார். பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்து, பாட்டு ஒலிக்க, பாஸின் போறணையிலிருந்தே பாண் எடுத்து மேலே கொண்டுபோனார். ஒரு வருடம் முடிந்ததும் கம்பனி எழுதியபடி அந்தப் பாதையை நிறுத்தியது. அவர் நிறுத்தவில்லை. மழையில் பாதை கரைந்து கிடக்கும்போது டிவிசன் ஆட்களே இறங்கிவந்து ஆட்டோவைத் தள்ளி ஏற்றுகிறார்கள்.

போன மாதம் ஹட்டன் சந்தியில் பழக்கடைக்கு முன்னால் ஹாஜியாரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பப் போனவர், நின்றுவிட்டார்.

"நீங்க என்ட ஆக்களக் கெடுத்துப் போட்டீங்க, மகள்."

"ஆமா ஹாஜியார். தெரிஞ்சேதான் கெடுத்தேன்."

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது. நான் கேட்கவில்லை. பப்பாசிப் பழம் ஒன்றை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, பழுத்திருக்கிறதா என்று என்னிடம் நீட்டினார். இன்னும் ஒரு நாள் பொறுக்கணும் என்றேன். வாங்கிக்கொண்டு போனார்.